வாசலில் நிற்கும் வண்டியும் அண்டை வீட்டார் உரிமையும்

அண்டை வீட்டாரின் உரிமை பற்றிப் பயான் கேட்காத முஸ்லிம் இல்லம் நம்மிடையே இருக்க முடியாது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றி ஓயாமல் உபதேசித்து வந்ததால், சொத்திலும் அவருக்குப் பங்கு வைத்துவிடுவார்களோ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு அது இருந்ததாகப் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வருகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 36-ஆம் வசனத்தில், அல்லாஹ்வை வணங்குவதையும் பெற்றோருக்கு உபகாரம் செய்வதையும் சொன்ன அதே தொடரில், உறவினரான அண்டை வீட்டாரும் அந்நியரான அண்டை வீட்டாரும் சேர்த்துச் சொல்லப்படுகிறார்கள். இதெல்லாம் நாம் அறிந்ததே. அறிந்த இந்த உரிமை இக்காலத்தில் எந்த இடத்தில் முறிகிறது என்று பார்த்தால், பல ஊர்களில் அது வாசலில் நிற்கும் வண்டியில்தான் முறிகிறது.

கள்ளக்குறிச்சியையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் அது தனி மாவட்டத்தின் தலைநகர் ஆயிற்று. அலுவலகங்கள் பெருகின, வந்து போவோரும் பெருகினர். சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையிலான பெருவழியில் உள்ள ஊர் அது. கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டர்களும், கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஜீப்புகளும், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகளும் அந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் என்பது போய், வீட்டுக்கு இரண்டு, அதோடு ஒரு கார் என்று ஆகிவிட்டது. ஆனால் மாட்டு வண்டிக் காலத்தில் அமைந்த சந்துகள் ஒரு முழங்கூட அகலவில்லை. இது அந்த ஊருக்கு மட்டும் உரிய குறை அன்று. நம் மஹல்லாக்கள் பலவற்றின் நிலையும் இதுவே.

இடம் குறைந்த தெருவில் பொறுமையும் குறைந்துவிட்டால் என்ன நேரும்? மார்க்கமும் நாட்டின் சட்டமும் அப்போது நமக்கு எதை அனுமதிக்கின்றன, எதைத் தடுக்கின்றன? இதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

தெரு யாருக்குச் சொந்தம்?

சண்டை பெரும்பாலும் ஒரு தவறான எண்ணத்திலிருந்து தொடங்குகிறது. "என் வீட்டுக்கு எதிரே உள்ள இடம் என்னுடையது" என்பது ஒருவர் எண்ணம். "தெரு பொதுச் சொத்து, எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவேன்" என்பது மற்றவர் எண்ணம். இரண்டும் தவறு.

நம் ஃபிக்ஹு நூல்கள் தெருவை இரண்டாகப் பிரிக்கின்றன. இருபுறமும் திறந்த பொதுவழி ஒன்று. முட்டுச் சந்து மற்றொன்று. பொதுவழியில் நடப்போருக்கு இடையூறான எதையும் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. முட்டுச் சந்தோ அதில் வாசல் உள்ளவர்களின் கூட்டு உரிமை. அதில் ஒருவர் தன் கட்டடத்தின் முகப்பை நீட்ட விரும்பினால் மற்றவர்களின் இசைவு வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' போன்ற ஷாஃபிஈ நூல்கள் விளக்குகின்றன. மரப்பலகை நீட்டவே இசைவு கேட்க வேண்டிய இடத்தில், ஆறடி அகல வண்டியை இரவு பகலாக நிறுத்தி வைப்பது எப்படி ஆகும் என்பதை நாமே சிந்தித்துக்கொள்ளலாம்.

வழியின் அகலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஏழு முழம் என்பது ஏறத்தாழப் பத்தரை அடி. அப்படிப்பட்ட சந்தில் ஒரு கார் நின்றுவிட்டால் மிஞ்சுவது ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதல்தான். பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிச் செல்ல வரும் 108 வண்டி அதில் நுழையாது. ஜனாஸா சந்தூக்கைத் தோளில் சுமந்து வருவோரும் ஒருக்களித்துத்தான் நகர வேண்டும். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், அந்த இடையூறைக் கொண்டுவந்து வைப்பவராக ஆகலாமா?

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. பொதுவழியை மறிப்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவின்படி குற்றம். 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பிறருக்கு ஆபத்தோ தடையோ ஏற்படும்படி வாகனத்தை விட்டுச் செல்வதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவில் தடுக்கிறது. அவ்வாறு நிற்கும் வண்டியை அகற்றும் அதிகாரம் 127-ஆம் பிரிவில் காவல்துறைக்கு உண்டு. அந்த அதிகாரம் காவல்துறைக்கே உரியது என்பதை மறக்கக்கூடாது. காற்றைப் பிடுங்கிவிடுவதும், கண்ணாடியை உடைப்பதும், ஆணியால் கீறுவதும் பிறர் பொருளைச் சேதப்படுத்துவதாகும். மார்க்கத்தில் அதற்கு ஈடு கொடுக்கும் கடமை வரும். சட்டத்தில் அதற்குத் தனிக் குற்றப்பிரிவு இருக்கிறது.

மூன்று நிகழ்ச்சிகள்

1988 டிசம்பர் 27 அன்று பஞ்சாபின் பாட்டியாலா நகரில், சாலை நடுவே நின்ற ஒரு வண்டியைப் பற்றிய பேச்சு கைகலப்பாயிற்று. 65 வயது முதியவர் ஒருவர் உயிரிழந்தார். கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து மீது வழக்கு நடந்தது. விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு நிறுத்தியது. பின்னர் அதே நீதிமன்றம் மறு ஆய்வில், 2022 மே 19 அன்று ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. உடல் வலிமை மிக்கவனின் வெறுங்கையும் ஓர் ஆயுதமாகலாம் என்பது அத்தீர்ப்பின் கருத்து. சில நிமிடக் கோபம் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவரைச் சிறைவாசல் வரை தொடர்ந்து வந்தது.

2015 பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில், ஓர் இளம் முஸ்லிம் தம்பதியையும் அப்பெண்ணின் தங்கையையும் அண்டை வீட்டுக்காரன் ஒருவன் சுட்டுக் கொன்றான். வண்டி நிறுத்தும் தகராறு என்று காவல்துறை முதலில் கூறியது. ஆனால் அன்று அவர்களுடைய வண்டி எதுவும் அவனுக்குரிய இடத்தில் நிற்கவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. 2019-இல் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆயுள் தண்டனைகள் பெற்றான். வண்டி என்பது பல இடங்களில் வெளியே தெரியும் சாக்கு மட்டுமே. உள்ளே கிடப்பது நெடுநாளைய பகையோ இனத் துவேஷமோ ஆகும்.

2025 ஆகஸ்டில் தில்லியின் நிஜாமுத்தீன் பகுதியில், தம் வீட்டு வாசலை மறித்து நின்ற ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்ன ஒரு முஸ்லிம் சகோதரர் குத்திக் கொல்லப்பட்டார். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இருவர் கைதாயினர். ஸ்கூட்டரை நகர்த்த ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஓர் இல்லம் தன் குடும்பத் தலைவரை இழந்தது.

தற்காப்புக்கு மார்க்கம் வகுத்த படிகள்

தன் பொருளைக் காக்கும் போராட்டத்தில் கொல்லப்படுபவர் ஷஹீது என்று புகாரீயில் ஹதீஸ் உள்ளது. உயிர், குடும்பம், மார்க்கம் ஆகியவற்றைக் காக்க மடிபவரும் அவ்வாறே என்று அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வருகிறது. இந்த ஹதீஸ்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, "என் வாசலுக்காக நான் கத்தி எடுத்தாலும் அது ஜிஹாத்" என்று பேசும் வாலிபர்களை நாம் காண்கிறோம். ஹதீஸ் பேசுவது பொருளைப் பறிக்க வரும் கொள்ளைக்காரனைப் பற்றி. வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்திய அண்டை வீட்டுக்காரர் கொள்ளைக்காரர் அல்லர்.

அவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு ஹதீஸை அபூபக்ரா (ரலி) அறிவிக்கிறார்கள். இரு முஸ்லிம்கள் வாளோடு மோதிக்கொண்டால் கொன்றவன், கொல்லப்பட்டவன் இருவருமே நரகத்துக்குரியவர் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, கொல்லப்பட்டவன் செய்த குற்றம் என்ன என்று கேட்கப்பட்டது. அவனும் தன் சகோதரனைக் கொல்லும் ஆசையோடுதான் இருந்தான் என்பது பெருமானாரின் விடை. வாசல் சண்டையில் இரு தரப்பும் கம்பு எடுத்து நிற்கும்போது, இரண்டில் எந்த ஹதீஸ் நமக்குப் பொருந்துகிறது என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே தாக்க வருபவனைத் தடுப்பது பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அதன் சுருக்கம் இது: எளிய வழியால் தடுக்க முடியும்போது கடிய வழி ஹராம். வாயால் சொல்லியோ உதவிக்கு ஆள் கூப்பிட்டோ தடுக்க முடிந்தால் அடிப்பது கூடாது. கையால் தடுக்க முடிந்தால் சாட்டை கூடாது. சாட்டை போதுமென்றால் கம்பு கூடாது. உறுப்பைக் காயப்படுத்தினால் போதும் என்னும்போது கொல்வது கூடாது. தப்பி ஓட வழி இருந்தால் ஓடுவதே கடமை என்பது அம்மத்ஹபின் ஏற்கப்பட்ட சொல்.

ஹனஃபீ மத்ஹபின் நூல்களில் இன்னும் நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. ஒருவன் கம்பை ஓங்கி வருவது இரவிலா பகலிலா, ஊருக்குள்ளா வெளியிலா என்று கேட்கிறார்கள். இரவிலும் ஊருக்கு வெளியிலும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராது. பகலில் ஊர் நடுவே ஆள் வருவார்கள். ஆகவே அங்கே கம்பை ஓங்கியவனைக் கொன்றவன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தாக்கிய பிறகு ஒருவன் திரும்பிப் போய்விட்டால், அதன்பின் அவனைக் கொல்வது தற்காப்பு ஆகாது, கொலையே ஆகும் என்பதும் அவர்கள் தீர்ப்பு.

தேவையான அளவில் தடுத்தபோது நேர்ந்த சேதத்துக்குப் பழியில்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஒருவர் கையை மற்றொருவர் கடிக்க, கடிபட்டவர் கையை இழுத்துக்கொண்டதில் கடித்தவரின் பல் விழுந்தது. அப்பல்லுக்கு ஈடு இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். கையை விடுவித்துக்கொள்வது தற்காப்பு. விடுவித்த பின் முகத்தில் குத்துவது பழிவாங்கல்.

நாட்டின் சட்டம்

இந்தியாவில் குற்ற வழக்குகளை நாட்டின் சட்டமே தீர்க்கிறது. மேலே சொன்னவை நாம் அல்லாஹ்வின் முன் பதில் சொல்ல வேண்டியவை. ஆனாலும் இரண்டும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு விதிகள் இப்போது நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ளன. அவற்றில் குடும்பத்தார் அறிய வேண்டியவை நான்கு.

ஒன்று: காவல்துறையின் உதவியை நாட நேரமிருந்தால் தற்காப்பு உரிமை இல்லை, உரிமை உள்ள இடத்திலும் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. இது 37-ஆம் பிரிவு.

இரண்டு: உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதல் போன்ற சிலவற்றில் மட்டுமே, தடுக்கும் உரிமை எதிரியின் உயிர் வரை நீளும். இது 38-ஆம் பிரிவு. வண்டியை எடுக்க மறுப்பதோ வசைமொழியோ இதில் சேராது.

மூன்று: ஆபத்து பற்றிய அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது, அச்சம் நீங்கும்போது முடிகிறது. இது 40-ஆம் பிரிவு. நிலத் தகராறு ஒன்றில் எழுந்த ஜெய் தேவ் வழக்கில், ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டது தற்காப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது.

நான்கு: தாக்குபவன் போதையில் இருந்தாலும் அவனைத் தடுக்கும் உரிமை குறைவதில்லை. இது 36-ஆம் பிரிவு. ஆனால் 2024 ஜூனில் கள்ளச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கள்ளக்குறிச்சி மண்ணில் இதை ஒரு வார்த்தை கூட்டியே சொல்ல வேண்டும்: போதையில் இருப்பவரோடு வண்டியைப் பற்றிப் பேசவே கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு விடியும் வரை காத்திருப்பதே அறிவு.

ஓரிடத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில், ஆபத்து எதிரே வரும்போது கோழையைப்போல் ஓடித்தான் தீர வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்றும், அந்த நொடியில் ஒருவர் கொடுத்த அடியைப் பொற்கொல்லன் தராசில் நிறுக்கக்கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஷாஃபிஈ மத்ஹபோ ஓட வழி இருந்தால் ஓடச் சொல்கிறது. சட்டம் மன்னிப்பதையெல்லாம் மார்க்கம் விரும்புகிறது என்று எண்ணிவிடக்கூடாது.

தற்காப்புக்காகவே செய்தேன் என்று காட்டும் பொறுப்பும் அதைச் சொல்பவரையே சேர்கிறது. சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு அப்படித்தான் வகுத்திருக்கிறது.

ஜைதும் பக்ரும்

மத்ரஸா நூல்களில் வழக்கமாக வரும் ஜைதையும் பக்ரையும் வைத்து இதைப் பாடமாக்கிப் பார்ப்போம்.

பக்ருடைய வேன் ஜைதின் வாசலை மறித்து நிற்கிறது. ஜைதின் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இப்போது ஜைதுக்கு உள்ள உரிமை கேட்பது, பெரியவர்களைக் கூப்பிடுவது, 112-க்குத் தொலைபேசி செய்வது ஆகியவையே. கை வைக்கும் உரிமை ஒரு விரல் அளவும் இல்லை. நேரமில்லை என்றால் வேறொரு வண்டியில் தாயாரை ஏற்றுவதே முதல் வேலை.

பக்ர் ஜைதின் சட்டையைப் பிடித்துத் தள்ளுகிறார். பிடியை விடுவிக்கவும், மேலும் தள்ளாமல் தடுக்கவும் ஜைதுக்கு உரிமை உண்டு. அதற்குமேல் இல்லை.

பக்ர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஜைதின் தலையைக் குறிவைத்துப் பாய்கிறார். உயிருக்கு ஆபத்து வந்துவிட்டது. வீட்டுக்குள் புகுந்து தாழிட வழி இருந்தால் அதைச் செய்வது மார்க்கத்துக்கு நெருக்கமானது. வழி இல்லையென்றால் தடுப்பதற்குத் தேவையான அடியைக் கொடுக்க ஷரீஅத்தும் சட்டமும் இடம் தருகின்றன.

கம்பி கீழே விழுந்துவிட்டது. பக்ர் திரும்பி ஓடுகிறார். சத்தம் கேட்டு வந்த ஜைதின் தம்பி அக்கம்பியை எடுத்துப் பின்மண்டையில் அடிக்கிறார், பக்ர் மரணமடைகிறார். ஜைதுக்கு இருந்த உரிமை கம்பி விழுந்த நொடியோடு முடிந்துவிட்டது. இது கொலை வழக்கு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்கது. நல்லெண்ணத்தோடு தற்காத்தபோது அளவு மீறிவிட்டது என்று நிரூபித்தால் குற்றத்தின் பெயர் குறையலாம். அப்போதும் ஆயுள் தண்டனை வரை இடமிருக்கிறது. "விடாதே, அடி" என்று வாசலில் நின்று கூவிய அண்ணனும் தந்தையும் கூட, பொதுவான நோக்கத்தோடு செயல்பட்டவர்கள் என்று வழக்கில் சேர்க்கப்படலாம். ஒரு வேனுக்காக இரு வீடுகள் அழிந்தன. மருத்துவமனைக்குப் போக வேண்டிய தாயார் இன்னும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

தெருவில் வைத்த சாமான்கள்

தொல்லை தரும் அண்டை வீட்டாரை என்னதான் செய்வது என்ற கேள்விக்கு அபூதாவூதில் அழகான விடை இருக்கிறது. ஒருவர் தம் அண்டை வீட்டாரைப் பற்றி முறையிட வந்தார். பொறுமையாக இருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவர் மீண்டும் மீண்டும் வந்தபோது, வீட்டுச் சாமான்களைத் தெருவில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். போவோர் வருவோர் காரணம் கேட்டார்கள். அவர் சொன்னார். கேட்டவரெல்லாம் அந்த அண்டை வீட்டாரைச் சபித்தார்கள். அவரே ஓடிவந்து, வீட்டுக்குத் திரும்பும்படியும் இனித் தொல்லை தருவதில்லை என்றும் கூறினார்.

இதில் ஓர் அடி இல்லை; ஒரு வசைச் சொல்லும் முறையிட்டவர் வாயிலிருந்து வரவில்லை. முதலில் பொறுமை, பிறகு ஊரின் முன் நியாயத்தை வைப்பது. இன்று ஊரின் முன் வைப்பதற்கு நமக்கு வழிகள் உண்டு. முதலில் ஜமாஅத் பெரியவர்கள். அண்டை வீட்டார் பிற சமயத்தவர் என்றால் தெருவின் இரு தரப்புப் பெரியவர்களும் சேர்ந்து உட்காரட்டும். அடுத்து காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்வது. அமைதிக்குப் பங்கம் வருமென்று அஞ்சினால் நிர்வாக நடுவர் இரு தரப்பிடமும் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்க முடியும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவு அதற்கானது. பொதுவழித் தடையை நீக்க ஆணையிடுவதற்கு 152-ஆம் பிரிவு உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர், பெண்களானாலும் ஏழைகளானாலும், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

கோபம் வரும்போது நிற்பவர் உட்கார வேண்டும், அதிலும் தணியாவிட்டால் படுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியைப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களுக்கு நினைவூட்டலாம். வாசலில் குரல் உயரும்போது "உள்ளே வாங்க" என்று ஒரு தாயோ மனைவியோ கூப்பிடும் ஒரு சொல் பல உயிர்களைக் காத்துவிடும்.

ஜும்ஆ நாளில் நாம்

பிறர் குறையைப் பேசிவிட்டு நம் குறையை மறைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் நம் பள்ளிவாசல்களைச் சுற்றியுள்ள வீடுகளின் வாசலைப் பாருங்கள். பாங்கு சொல்லிவிட்டார்களே என்ற அவசரத்தில் எவர் வீட்டுப் படியை மறித்தோம் என்று பார்ப்பதில்லை. உள்ளே நாம் தக்பீர் கட்டி நிற்கிறோம். வெளியே ஓர் அண்டை வீட்டார் தம் வண்டியை எடுக்க முடியாமல் நிற்கிறார். எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்க முடியவில்லையோ அவர் முழு ஈமான் கொண்டவர் ஆகார் என்ற கருத்துள்ள ஹதீஸ் அந்த நேரத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறது?

அந்த வீட்டார் பெரும்பாலும் ஹிந்துச் சகோதரர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் கேட்டதாக அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். அண்டை வீட்டார் உரிமைக்குச் சமய வேலி இல்லை. ஒரு ஸ்கூட்டர் தகராறு இரு சமூகங்களின் தகராறாக மாற ஒரு மணி நேரம் போதும் என்னும் இக்காலத்தில், ஜமாஅத்துகள் வெள்ளிதோறும் இரு வாலிபர்களை வாசலில் நிறுத்தி வண்டிகளை ஒழுங்குபடுத்துவது நன்மை தரும் பணியாகும். வண்டி வைத்திருப்பவர் தம் தொலைபேசி எண்ணை அதில் எழுதி வைக்கலாம். புது வண்டி வாங்க நினைப்பவர் விலையைக் கேட்கும் முன், அது எங்கே நிற்கும் என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் குறுகிய வளைவொன்றில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால், இறங்கி வருவது நின்று ஏறி வருவதற்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏறும் வண்டிக்கு நின்று புறப்படுவது கடினம். இறங்குவதற்கு அது எளிது. யாருக்கு எளிதோ அவர் விட்டுக்கொடுக்கிறார்; இல்லையென்றால் இரண்டும் பள்ளத்தில்தான். நம் தெருவிலும் அவ்விதியே நடக்கட்டும். நியாயம் தம் பக்கம் இருந்தும் தர்க்கத்தைக் கைவிடுபவருக்குச் சுவனத்தின் ஓரத்தில் ஒரு வீட்டுக்குப் பெருமானார் (ஸல்) பொறுப்பேற்றிருக்கிறார்கள். ஒரு வண்டி நிற்கும் இடத்தை விட்டுக்கொடுத்து அந்த வீட்டைப் பெறுவது இலாபமான வியாபாரமே.

அண்டை வீட்டார் நம்மால் அமைதி பெறவும், நம் கோபத்தின் தீங்கிலிருந்து நாமே பாதுகாப்புப் பெறவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.